நௌஷாதின் பெயரில் இருந்த குறிப்புகள்

அடுத்த மாதத்திலிருந்து இந்தக் கதிரையில் இருக்கப்போகும் உங்கள் இருவருக்கும் ஒப்படைப்புக் கோவை, என் வேலை விவரங்களைத் தொகுத்த கோப்பு, தயார். அலுமாரியின் மேல்தட்டில் நீல உறைக்குள் இருக்கிறது. எந்தக் கணினி மழைக்காலத்தில் சண்டித்தனம் பண்ணும், அச்சுப்பொறிக்கு மை எங்கே வாங்கலாம், எலுவன்குளத்தில் எந்தக் குளக்கட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் பட்டியல் போட்டு வேலை செய்கிறவள். அதைக் கேலி செய்யாதவர் இந்த அலுவலகத்தில் யாரும் இல்லை.

கோவையின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். குறிப்புகளை எழுதி ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களை ஒப்பிட்டு, எதை எந்த உரிமத்தில் எடுப்பது என்று தீர்மானிக்கப் போட்டது. அதில் மேலிருந்து கீழாக ஓடும் முதல் நிரல் ‘இதை எழுதியவர் போய்விட்டால் யார் திறக்கலாம்?’ என்று கேட்கிறது. விலை கடைசி நிரலில்தான் வருகிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் அது தலைகீழாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிறகு யாரும் அதைத் திருத்தி வைத்துவிடக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கே சேர்ந்தபோது எல்லாமே இரண்டு பேரின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. நௌஷாதும் நிலூபாவும். புத்தளம் கரையில், கற்பிட்டி முனையிலிருந்து எலுவன்குளம் வரை, வலிப்பும் கைகால் இயலாமையும் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். பிள்ளைக்கு எப்போது வலிப்பு வந்தது, எந்த மருந்துக்கு என்ன ஆனது, என்ன சாப்பிட்டது, எப்படித் தூங்கியது என்று எழுதிவருவார்கள். எழுதியது எங்கே இருந்தது என்றால், நௌஷாதின் கணக்கில்.

அது அவன் தனக்காக இறக்கிக்கொண்ட, குறிப்பு எழுதும் மென்பொருள். இலவச உரிமம். ‘தனிநபர் பாவனைக்கு மட்டும்’, ஒருவர் தன் சொந்தத் தேவைக்கே பயன்படுத்தலாம் என்று முதல் திரையிலேயே எழுதியிருந்தது; இரண்டு கருவிகளில் மட்டுமே திறக்கலாம். முதலில் சொந்த விஷயங்களைத்தான் எழுதிவைத்திருக்கிறான். பிறகு பிள்ளைகளின் குறிப்புகளையும் அதிலேயே எழுதினான். தேடினால் உடனே கிடைக்கிறதே என்று நிலூபா தன் போனிலும் அதைத் திறந்துகொண்டாள். அலுவலகக் கணினியிலும் திறந்தார்கள். மூன்றாவது கருவியில் யாராவது நுழைந்தால் மென்பொருள் சந்தேகப்பட்டு நௌஷாதின் போனுக்கு ஒரு இலக்கம் அனுப்பும். அவன் அதை அறையின் மறுகோடியிலிருந்து சத்தமாக வாசிப்பான். காலையில் கதவைத் திறந்தால் முதலில் கேட்கும் சத்தம் அதுதான். “நௌஷாத், நம்பர் வந்திட்டா?”

இந்தக் கரையில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கிய வள்ளம் ஒருவர் பெயரில் பதிந்திருக்கும். வீட்டில் உள்ள எல்லா சிம்மும் மூத்த மகனின் அடையாள அட்டையில் இருக்கும். நம்பிக்கையான ஒருவரின் பெயரில் போட்டுவிட்டு மற்றவர்கள் பாவிப்பதுதான் நம் வழக்கம். அந்த ஒருவர் ஊரில் இருக்கும்வரை அது நன்றாகவே நடக்கும்.

நௌஷாத் கத்தாருக்குப் போனான்.

அவன் புறப்பட்ட வாரம் கரைத்தீவிலிருந்து ரிஸானா ராத்தா வந்தார். நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. சின்னப் பிள்ளையாக மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். யுத்தம் முடிந்த பிறகு அவருடைய உம்மாவும் வாப்பாவும் ஊர் திரும்பிவிட்டார்கள், அவர் திரும்பவில்லை. மகள் அஸ்மாவுக்கு வலிப்பு. புத்தளம் கிளினிக்கை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அன்று வாசலில் நின்றபடியே அழுதார்.

“இனி என்ட புள்ளட கதைய நான் யாருக்கு முதல்ல இருந்து சொல்றது?”

“எல்லாம் எழுதி ஈக்கு ராத்தா” என்று நிலூபா சமாதானம் சொன்னாள். “ஒண்டும் அழியாது.”

அழியவில்லைதான்.

கொஞ்ச நாள் கத்தாரிலிருந்து வாட்ஸ்அப்பில் இலக்கம் வந்துகொண்டிருந்தது. அப்போது நான் புதிய மென்பொருளுக்கான அட்டவணையைத் தொடங்கியிருந்தேன். விலை, எத்தனை கருவி, சிக்னல் இல்லாமல் வேலை செய்யுமா, தமிழில் தேடினால் கிடைக்குமா. இந்த நான்கு நிரல்களே போதும் என்று நினைத்தேன்.

அதற்குள் நிலூபா ஒரு பகிடி விட்டாள். ஏதோ பிள்ளையின் குறிப்பைத் தேடும்போது, ‘பொண்ணு பாக்கப் போனா கேக்கவேண்டியது’ என்ற தலைப்பில் நௌஷாத் எழுதிவைத்திருந்த கேள்விகள் கண்ணில் பட்டன. அவள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: “மாப்புள, அஞ்சாவது கேள்விய அந்தப் புள்ளட்ட கேட்டீங்களா இல்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நௌஷாத் ஒரு சொல்லும் எழுதாமல் குழுவை விட்டு விலகினான். பின்னேரம் அலுவலகக் கணினி கடவுச்சொல் பிழை என்றது. நிலூபாவின் போனும் அதையே சொன்னது. இலக்கம் கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை.

அவன் தணிந்துவிடுவான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலை ரிஸானா ராத்தா மறுபடி வந்தார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து வலிப்பு நோய்க்கான விசேட வைத்தியர் புத்தளத்துக்கு வருகிறார். மருந்தின் அளவைக் கூட்டப்போவதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

“முந்தி ஒருக்கா கூட்டின நேரம் புள்ளைக்கு ஏதோ செஞ்சது” என்றார் ராத்தா. “தூங்கித் தூங்கி விழுந்தா. வலிப்பும் கூடினதா, இல்ல அது காய்ச்சல் வந்த நேரமா எண்டு எனக்கு இப்ப வெளங்குதில்ல. நௌஷாத் தம்பி எல்லாம் எழுதினார். அதக் கொஞ்சம் எடுத்துத் தாங்க.”

கிளினிக் கொப்பியில் கொடுத்த மருந்து மட்டும்தான் இருந்தது. வீட்டில் நடந்தது நௌஷாதிடம் இருந்தது. இதை அவரிடம் மறைக்க வழியில்லை என்று எனக்குத் தெரிந்தது, நடந்ததைச் சொன்னேன்.

அவர் கிளினிக் கொப்பியை மூடி மடியில் வைத்தார்.

“அப்ப என்ட புள்ளட கதை கத்தார்ல ஒருத்தர்ட போனுக்குள்ள கிடக்கா?”

“ஓம், ராத்தா.”

“நீங்க எழுதுறீங்கதானே எண்டுதான் தங்கச்சி நான் மறந்தேன்.”

இந்த வசனத்தை நீங்கள் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள். நாம் எழுதத் தொடங்கும்போது எதிரில் இருப்பவர் நினைவில் வைத்திருப்பதை நிறுத்திவிடுகிறார். நம்மை நம்பித்தான் நிறுத்துகிறார்.

பக்கத்து மேசையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அலுவலக இணைப்பாளர் ஹுசைன் சேர் கோபத்தில் எழுந்தே விட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் கடிதம் எழுதுகிறவர். “இது எங்கட ஒபிஸ்ட தகவல். சம்பளம் குடுத்து எழுதினது. அந்த மென்பொருள்காரனுக்கு இப்பவே மெயில் போடுங்க மிஸ். எங்கட ஊழியர் ஒருத்தர் பூட்டி வெச்சிட்டார், திறந்து தாங்க எண்டு எழுதுங்க. லெட்டர்ஹெட்ல போடுங்க.”

எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் உரிமத்தின் நிபந்தனைகளை முழுதாக வாசித்தேன். யாரும் வாசிக்காத அந்த நீண்ட பக்கத்தைத்தான் சொல்கிறேன். அதில் இரண்டு விஷயம் தெளிவாக இருந்தது. கணக்கும் அதில் உள்ளதும் பதிவு செய்த நபருக்கே சொந்தம். தனிநபர் உரிமத்தை நிறுவனம் ஒன்று பாவித்தால் கணக்கை மூடிவிடும் உரிமை அவர்களுக்கு உண்டு.

லெட்டர்ஹெட்டில் நாம் அனுப்பும் கடிதமே அதற்கான சாட்சியாகிவிடும். கணக்கு மூடப்பட்டால் நௌஷாதின் கையிலும் ஒன்றும் மிஞ்சாது.

“நான் இந்த மெயிலை அனுப்ப மாட்டேன் சேர்” என்றேன்.

“அப்ப நான் அனுப்புறேன்.”

“அனுப்பினா அஸ்மாட குறிப்பு இல்லாமப் போயிடும். இதக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். “அப்ப கள்ளன் அவன் இல்ல. நாங்களா?”

“கள்ளன் எண்டு யாரும் இல்ல சேர். ஆனா சட்டப்படி அது அவர்ட வீடு. நாங்க வாடகையும் குடுக்காம இருந்திருக்கோம்.”

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹுசைன் சேர் ஜும்ஆ தொழுகைக்குப் போனார். ராத்தா எழும்பவில்லை. நிலூபா தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்; யாரும் குடிக்கவில்லை. நான் ஒரு தாளை எடுத்து, நௌஷாதிடம் கேட்கக்கூடாதவற்றை எழுதினேன். கடவுச்சொல் கேட்கக்கூடாது. ‘அலுவலகத்தின் தகவல்’ என்ற சொல்லைப் பாவிக்கக்கூடாது. கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது. பிறகு கேட்க வேண்டியதை எழுதினேன். அது ஒரே ஒரு வரி.

ஹுசைன் சேர் திரும்பி வந்தபோது, நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் கத்தாரில் இன்னும் ஜும்ஆவுக்கு நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. என் சொந்தப் போனிலிருந்து நௌஷாதுக்கு அழைப்பு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே அவனிடம் சொன்னேன்.

“மிஸ், நீங்க புதுசு. உங்களோட எனக்குக் கோவம் இல்ல” என்றான் நௌஷாத். “ஆனா பாஸ்வேர்ட் மட்டும் கேக்காதீங்க.”

“கேக்கல்ல. அஸ்மாட குறிப்பு மட்டும் வேணும். நீங்களே எடுத்துத் தாங்க. மற்றது ஒண்டையும் நாங்க பாக்கத் தேவையில்ல.”

“அது எல்லாம் ஒண்டாக் கலந்து கிடக்கு மிஸ். ஒரு நாளைக்கு எழுதினதில பாதி புள்ளைகள்ட, பாதி என்ட. இலவச லைசன்ஸ்ல மொத்தமா எடுக்கவும் விடுறான் இல்ல. ஒவ்வொரு பக்கமாத்தான் பாத்துப் பாத்து எடுக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினான். “அந்தக் கேள்வியளப் பாத்து சிரிச்சாங்களே, அது எனக்குப் பகிடி இல்ல மிஸ். அந்தச் சம்பந்தம் சரிவரல்ல.”

நிலூபா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு போனை நோக்கிக் குனிந்தாள்.

“தம்பி, நான் நிலூபா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அத நான் திறந்து பாத்திருக்கக்கூடாது. என்ன மன்னிச்சுக்கங்க.”

அவன் பதில் சொல்லும்வரை ரிஸானா ராத்தா காத்திருக்கவில்லை. போனைக் கையில் தூக்கிக்கொண்டார்.

“நௌஷாத் தம்பி, நீ பொண்ணு பாத்த கதை எனக்கு வேணாம். அத நீயே வெச்சிக்க. ஊருக்கு வா, நானே உனக்கு நல்லதொண்டாப் பாத்துத் தாறேன். இப்ப என்ட புள்ளட கதையத் தா. திங்கக்கிழம கிளினிக்.”

நௌஷாத் சிரித்துவிட்டான். அழுதிருக்கவும் கூடும், போனில் வித்தியாசம் தெரியவில்லை. “சரி ராத்தா. ஜும்ஆ முடிஞ்சதும் இருந்து எடுக்கிறேன்” என்றான். பிறகு கேட்டான். “மிஸ், யாருக்கு அனுப்ப?”

ஹுசைன் சேர் உடனே சொன்னார். “ஒபிஸ் மெயிலுக்கு அனுப்புங்க.”

நான் குறுக்கிட்டுச் சொன்னேன். “ராத்தாட போனுக்கு அனுப்புங்க.”

யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து ‘இது யாருடையது’ என்ற கேள்விக்கு இரண்டு பதில்களைத்தான் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம்: நௌஷாதுடையது, அலுவலகத்துடையது. பிள்ளையைப் பெற்றவர் எதிரில் இருந்தார். அவர் பெயரை யாரும் சொல்லவே இல்லை. ஹுசைன் சேர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. “சரி, ராத்தாட போனுக்கே போடுங்க” என்று அவரே நௌஷாதுக்குச் சொன்னார். கோபம் வந்தால் கடிதம் எழுதுகிறவர் என்று சொன்னேனே, நியாயம் தெரிந்தால் உடனே வழிவிடுகிறவரும் அவர்தான்.

அன்று பின்னேரமும் சனிக்கிழமையும் ராத்தாவின் போனுக்கு ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சனிக்கிழமை அவற்றை அச்செடுக்க ராத்தா வந்தார். அஸ்மாவும் வந்து மேசைக்குக் கீழே உட்கார்ந்து அச்சுப்பொறியிலிருந்து தாள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா ஒவ்வொரு தாளையும் சூட்டோடு எடுத்து வாசித்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

“இந்தா, ‘தாய் பதற்றமாகக் காணப்பட்டார்’ எண்டு எழுதி ஈக்கான். நான் எங்க பதறின? அவன்தான் கதிரைய விட்டு எழும்பி ஓடினான். புள்ளைக்கு மூச்சு வருதா எண்டு பாத்தது நான்.”

நிலூபா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கே என் அட்டவணையில் இன்னொரு நிரல் சேர்ந்தது: ‘எழுதப்பட்டவர் இதை வாசிக்க முடியுமா?’ அதன் கீழே ஒரு விதியும் எழுதினேன். தாய் வாசித்தால் முகம் சுளிக்கும் வசனத்தை எழுதாதீர்கள். அது பெரும்பாலும் பிழையான வசனமாகத்தான் இருக்கும்.

வைத்தியர் சிங்களம் பேசுகிறவர். நிலூபா ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து முக்கியமான பகுதிகளைச் சிங்களத்தில் எழுதினாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை ராத்தாவோடு அவளே போனாள். குறிப்புகளின்படி, முன்பு மருந்து கூட்டிய பிறகு வலிப்பு குறையாமல் கூடியிருந்தது. காய்ச்சல் வந்தது அதற்கு வெகு பிந்தி. வைத்தியர் வாசித்துவிட்டு அளவைக் கூட்டவில்லை. வேறு மருந்துக்கு மெல்ல மெல்ல மாற்றலாம் என்றார். அதனால் அஸ்மா சுகமாகிவிட்டாள் என்று நான் எழுதப்போவதில்லை. வலிப்பு இன்னும் வருகிறது, குறைவாக வருகிறது. பகலில் தூங்கி விழாமல் பாலர் பாடசாலைக்குப் போகிறாள்.

இனி உரிமத்தைத் தெரிவு செய்த கதை. பேச்சு நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, அதே மென்பொருளின் நிறுவன உரிமம். எல்லாம் அலுவலகத்தின் பெயரில் இருக்கும், யாரும் பூட்டிக்கொண்டு போக முடியாது. ஹுசைன் சேருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதில் நிர்வாகியாக இருப்பவர் ஊழியர்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் திறந்து பார்க்கலாம். நௌஷாதுக்கு நடந்தது அதன்பின் எல்லோருக்கும் நடக்கும். இரண்டாவது, ஆளுக்கொரு தனிநபர் உரிமத்துக்குப் பணம் கட்டுவது. அப்படிச் செய்தால் ஒவ்வொருவர் போகும்போதும் ஒரு கத்தார் இருக்கும். மூன்றாவது, எவரும் எந்தத் தேவைக்கும் பாவிக்கலாம் என்ற திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். எழுதியது சாதாரணக் கோப்புகளாக நம் கணினியிலேயே இருக்கும். அந்த மென்பொருள் நாளைக்கே இல்லாமல் போனாலும் கோப்புகளை வாசிக்கலாம்.

“ஓசிச் சாமானுக்குப் பிரச்சினை வந்தா யாரைக் கேக்கிறது?” என்றார் ஹுசைன் சேர்.

“என்னைக் கேளுங்க.”

“நீங்களும் ஒரு நாளைக்குப் போயிடுவீங்களே மிஸ்.”

“போகத்தான் போறேன். அதுக்காகத்தான் இத எடுக்கச் சொல்றேன்.”

மூன்றாவதைத்தான் எடுத்தோம். மென்பொருளைத் தெரிவு செய்தது பாதி வேலை. எதை எதற்குப் பாவிப்பது என்று பிரித்ததுதான் மீதி. உங்கள் சொந்தக் குறிப்புகளை உங்கள் போனில், உங்கள் பெயரில், எந்த மென்பொருளிலும் வைத்துக்கொள்ளுங்கள். இலவசத் தனிநபர் உரிமம் அதற்கு நன்றாகவே போதும். பெண் பார்க்கும் கேள்விகளையும் எழுதுங்கள், இணைப்பாளரைப் பற்றிய முறைப்பாட்டையும் எழுதுங்கள். அலுவலகம் அங்கே வராது. பிள்ளைகளின் குறிப்பு அலுவலகக் கோப்பில் மட்டும் இருக்கும். வீட்டுக்குப் போய் எழுதிய ஒவ்வொன்றும் அந்த வாரமே தாயின் போனுக்குப் போகும். போன் இல்லாத வீட்டுக்கு அச்சடித்துக் கொண்டுபோங்கள். எலுவன்குளத்தில் அப்படித்தான் செய்கிறோம். வேலை கூடுகிறது என்று தோன்றும். உண்மையாகவே கூடும். விடவேண்டாம்.

நௌஷாத் தன் கணக்கிலிருந்த மற்றப் பிள்ளைகளின் குறிப்புகளையும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்து அந்தந்தக் குடும்பத்துக்கு அனுப்பி முடித்தான். முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் திரும்பச் சேர்ந்தான். நிலூபா ஒரு வரவேற்பு மட்டும் போட்டாள், பகிடி விடவில்லை. பகிடியை அவனே விட்டான். “ராத்தா எனக்குப் பொண்ணு பாத்துட்டாங்களா?”

போன வாரம் ரிஸானா ராத்தா அஸ்மாவோடு வந்திருந்தார். செய்தி ஏற்கெனவே அவரை எட்டியிருந்தது.

“நீங்களும் போறீங்களாமே தங்கச்சி?”

“ஓம் ராத்தா. அடுத்த மாசம்.”

அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் மேலும் கீழும் தள்ளினார். ஓரிடத்தில் நிறுத்தி, உதடு அசைய வாசித்தார்.

“போன கிழம எழுதினது வந்து ஈக்கு” என்றார். “இனி வாற ரெண்டு பேரும் இப்படி அனுப்புவாங்கதானே?”

“அனுப்புவாங்க.”

“அனுப்பாட்டி நான் வந்து கேப்பேன்.”

“கேளுங்க.”

“அப்ப சரி. போயிட்டு வாங்க.”

வாசலில் நின்று கொஞ்சம் அழுவார் என்று நான் எதிர்பார்த்தேனோ தெரியவில்லை. அவர் அழவில்லை. போனைப் பைக்குள் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கரைத்தீவு பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.